எருமை வெண்ணெய்

"இவ்வளவு தண்ணி ஊத்துறாங்களே, சாமி ஏம்மா நகரல? எதை வெச்சு ஒட்டியிருக்காங்க?"

ஞானாம்பாள் நாலு வயதில் கேட்ட கேள்வி இது. ராணி கோயிலில் அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. குருக்கள் குடம் குடமாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். தாயின் இடுப்பில் உட்கார்ந்திருந்த குழந்தை, நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டுவிட்டது. அவள் தாய் கமலாம்பாள், "சாமியை அப்படியெல்லாம் கேக்கக் கூடாது" என்று குழந்தையின் வாயைப் பொத்தினாள்.

அடுத்த வருஷம் கார்த்திகையில் புயல் வந்தது. கோயிலுக்குப் பின்னால் நின்ற ஆலமரம் விமானத்தின் மேலேயே சாய்ந்தது. நகராத சாமி பீடத்தை விட்டு ஒரு சாண் நகர்ந்தது. பிறகு இருபது வருஷம் அங்கே விளக்கு எரியவில்லை.

மாதேவிநல்லூரில் அந்த இடத்துக்குப் பெயர் பள்ளிப்படை. சோழ ராணி ஒருத்தியை அடக்கம் செய்த மண்ணின்மேல் லிங்கம் வைத்துக் கட்டியது. அதன் பரம்பரை தர்மகர்த்தாவான குஞ்சிதபாதம் பிள்ளை, கமலாம்பாளின் கணவர், மூன்று வருஷமாக அதைப் பழைய முறைப்படியே எழுப்பிக்கொண்டிருந்தார். சிமெண்ட் ஒரு மூட்டைகூட உள்ளே வரவில்லை. முத்துப்பேட்டையிலிருந்து மீரா சாகிப் அனுப்பும் கிளிஞ்சல் சுண்ணாம்பு, கடுக்காய் ஊறிய தண்ணீர், வெல்லம். மேற்பார்வைக்குச் சுவாமிமலை ரெத்தினம் ஸ்தபதி. கும்பாபிஷேகத்துக்கு இன்னும் ஏழு நாள்தான் இருந்தது.

இதற்கிடையில் போன வாரம் வயலில் அரிவாள் நின்றது. கலத்துக்கு இன்னும் அரைப்படி நெல் கூலி கேட்டு, செங்கொடிச் சங்கத்துக்காரர்கள் அறுவடையை நிறுத்தினார்கள். சங்கத்துக்கு உள்ளூர்த் தலைவன் வைரக்கண்ணு. பிள்ளை இறங்கி வரவில்லை. உச்சவரம்புச் சட்டத்தில் பாதி நிலம் போயிற்று, மீதியைக் கூலியிலேயே கரைத்துவிடப் பார்க்கிறார்கள் என்பது அவர் கட்சி. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள். சண்டை வயலோடு, கோயிலுக்குள் இல்லை. அதன்படி வைரக்கண்ணுவும் அவன் ஆட்கள் ஏழு பேரும் முன்மண்டபத்தில் மருந்து இடித்துக்கொண்டிருந்தார்கள்.

மருந்து என்றால் அஷ்டபந்தனம். கொம்பரக்கு, குங்கிலியம், மெழுகு, காவி என்று எட்டுப் பொருள்களைச் சேர்த்துக் கல்லில் வைத்துச் சம்மட்டியால் நாள்கணக்கில் இடிக்க வேண்டும். அதுதான் சாமியைப் பீடத்தோடு ஒட்டுவது. எட்டாவது பொருள் எருமை வெண்ணெய். அதைக் கொடுத்தவள் வைரக்கண்ணுவின் மனைவி அம்சம்.

அன்று காலை எட்டு மணிக்குச் சம்மட்டிச் சத்தம் நின்றது.

மடப்பள்ளியில் ஆட்களுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த கமலாம்பாள் நிமிர்ந்து பார்த்தாள். மூன்று நாளாக விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை கேட்ட சத்தம். நாலு பேர் களைத்தால் நாலு பேர் மாற்றிக்கொள்வார்களே தவிர, இப்படி ஒரேயடியாக நின்றதில்லை.

மண்டபத்தில் ரெத்தினம் ஸ்தபதி ஒரு உருண்டையைக் கிள்ளி எடுத்து இரண்டு விரலால் இழுத்தார். அது பொடுக்கென்று உடைந்தது. இன்னொன்றைக் கிள்ளினார். அதுவும் உடைந்தது.

"மூணாம் நாள் இது நூலா இழுபடணும் பிள்ளைவாள். மண்ணாங்கட்டியா உதிருதே."

"இன்னும் இடிச்சா சரியாகுமா?"

"மூணு வருஷம் இடிச்சாலும் ஆகாது. ஏழு சாமானை நானே நிறுத்துப் போட்டேன். அதுல கோளாறில்லை. வெண்ணெயிலதான் ஏதோ."

பிள்ளை மெதுவாக வைரக்கண்ணுவின் பக்கம் திரும்பினார்.

"கூலிச் சண்டையை வயலோட வெச்சுக்கலாம்னு பேசினோம். வெண்ணெயில கொண்டாந்து காட்டிட்டீங்களேப்பா."

"என்னா சொல்றீங்க ஐயா?"

"உன் பொண்டாட்டி டால்டாவைக் கலந்தாளோ, வேற என்ன எழவைக் கலந்தாளோ, அதைத்தான் சொல்றேன்."

வைரக்கண்ணு சம்மட்டியைத் தூக்கி எறியவில்லை. கல்லின் ஓரமாகப் படுக்க வைத்தான். தலைத்துண்டை அவிழ்த்துக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"நாலு வீட்டுப் புள்ளைங்களுக்கு மோர் இல்லாம ஆக்கிட்டுக் கடைஞ்ச வெண்ணெய்ங்க அது. கோயிலுக்குன்னு சொல்லிச் சும்மாத்தான் குடுத்தா. அவளைச் சொன்ன சொல்லை நீங்க எடுத்துக்கிறவரைக்கும் நாங்க சம்மட்டியை எடுக்கிறதா இல்ல."

"வேலைன்னா உள்ள வரலாம், கும்பிடணும்னா வெளிய நிக்கணும்" என்றான் அவன் தம்பி, யாரையும் பார்க்காமல். "இப்ப கலப்படக்காரங்கன்னு பட்டமும் கட்டியாச்சு. வாங்கண்ணே."

எட்டுப் பேரும் படி இறங்கிப் போனார்கள். கமலாம்பாளின் கையில் இருந்த அகப்பை கஞ்சிக்குள் விழுந்தது.

ஞானாம்பாள் பக்கத்தில்தான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். மன்னார்குடியில் பள்ளிக்கூட வாத்தியாரம்மா. கும்பாபிஷேகத்துக்காக லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். பிள்ளைகள் பொய் சொன்னால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிற கண் அவளுக்கு.

"என்னம்மா? உனக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

"அடுப்புச் சூடு."

"அடுப்பு அணைஞ்சு அஞ்சு நிமிஷம் ஆச்சு."

கமலாம்பாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அம்சம் குடுத்த வெண்ணெய் கல்லுக்குப் போகலடி. நான் மாத்திட்டேன்."

ஞானாம்பாள் துலக்குவதை நிறுத்தினாள்.

"எருமைன்னா எமனோட வாகனம். அதோட வெண்ணெயைச் சாமி காலடியில வைக்கிறதான்னு மனசு கேக்கல. நம்ம செவலைப் பசு வெண்ணெயைக் குளிச்சு முழுகி, தேவாரம் சொல்லிக்கிட்டே கடைஞ்சேன். சட்டியை மட்டும் மாத்தி வெச்சேன். நல்லது செய்யிறதா நெனச்சுத்தான் செஞ்சேன்."

"வீட்டுல மாடு வத்தினா கடைத்தெரு எருமைப் பாலுதானே வாங்குற? அது என்ன காமதேனுவா கறக்குது?"

"கிண்டல் பண்ணாதடி."

"கிண்டல் இல்லம்மா." ஞானாம்பாள் கையில் இருந்த புளியைக் கீழே வைத்தாள். "அப்பாகிட்ட நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம். எட்டுப் பேருக்கு முன்னால அவங்க வாயை விட்டுட்டாங்க. அந்த வார்த்தையை என்னாலதான் விட்டாங்க. நான் போட்ட முடிச்சை நீ அவிழ்க்கக் கூடாது."

முதலில் யாரிடம் போக வேண்டும் என்பது மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

உச்சி வெயிலில் அவள் வயல் வழியாகப் போனாள். இருபுறமும் முற்றிய சம்பா தலை சாய்ந்து கிடந்தது. சில இடங்களில் மணி உதிர ஆரம்பித்திருந்தது. முப்பது வருஷமாக இந்த ஊரில் குடித்தனம் நடத்துகிறாள். காலனிக்குப் போகிற வரப்பில் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. போகக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. போக வேண்டும் என்று அவளுக்கும் தோன்றியதில்லை.

குட்டைக் கரையில் அம்சம் எருமையைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தாள் என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"என்னாங்க ஆச்சி, இந்த வெயில்ல குடைகூட இல்லாம?"

"அம்சம், உன் வெண்ணெய் கல்லுக்குப் போகல."

அம்சத்தின் கை நிற்கவில்லை. எருமையின் விலாவைத் தேய்த்து முடித்து ஒரு செம்பு தண்ணீரை ஊற்றினாள்.

"தெரியும் ஆச்சி."

"தெரியுமா?"

"எருமை வெண்ணெய் வெள்ளை வெளேர்னு இருக்கும். முத நாளு இடிச்சுட்டு வந்த கொழுந்தனாரு, 'நம்ம வெண்ணெய் எப்ப அண்ணி மஞ்சளாச்சு'ன்னு கேட்டாரு. இந்த ஊர்ல இப்ப கறவையில இருக்கிற பசு ஒங்க செவலை ஒண்ணுதானே. வெயில்ல வெச்சதுல நெறம் மாறியிருக்கும்னு சொல்லி அவரு வாயை அடைச்சேன்."

"காலையில அவ்வளவு பெரிய பழி போட்டாங்களே. அப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"யாருகிட்டங்க? எங்க வூட்டுக்காரருகிட்டச் சொன்னா ஊரு ரெண்டாயிடும். பண்ணைகிட்டச் சொன்னா, போட்ட பழி பத்தாதுன்னு ஆச்சி மேலயும் பழி சொல்றான்னு ஆவும்." அம்சம் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அதுவுமில்லாம பசு வெண்ணெயிலயும் மருந்து சேர்ந்துடும்னுதான் இருந்தேன். நான் என்ன ஸ்தபதியா?"

கமலாம்பாளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"என் வெண்ணெயை என்னா பண்ணுனீங்க?"

"உருக்கி... பிடாரி கோயில் விளக்குல ஊத்திட்டேன்."

"பிடாரிக்கு ஆவும். ராணிக்கு ஆவாதா ஆச்சி?"

குத்திக் காட்டுகிற குரல் இல்லை அது. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அதனால்தான் கமலாம்பாளுக்கு அது அதிகமாக வலித்தது.

"அம்சம், இன்னொரு தரம் தருவியா? கேக்க எனக்கு வாய் இல்ல. ஆனா கேக்குறேன்."

அம்சம் எருமையின் முதுகில் கை வைத்தாள். விலா எலும்பு வரிவரியாகத் தெரிந்தது.

"அறுப்பு நின்னு போனதுல வைக்கோல் இல்ல. வரப்புப் புல்லைத் தின்னுட்டு எவ்வளவு கறக்கும்? ரெண்டு படி கறந்தது இப்ப முக்காப்படி. நாலு வூட்டுப் பாலையும் ஒண்ணா ஒறை ஊத்துனா நாளன்னைக்குக் காலையில ஏதோ தேறும்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா மொதல்ல என் பேரைத் திருப்பிக் குடுங்க ஆச்சி. வெண்ணெயைப் பத்தி அப்புறம் பேசுவோம்."

நாலு மணிக்குக் கமலாம்பாள் மண்டபத்துக்கு வந்தபோது, பிள்ளை கணக்கப்பிள்ளையிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"கும்பகோணத்துக்கு ஆள் அனுப்பி வெண்ணெய் வாங்கிடு. வர்றப்ப, இங்க இடிக்கிறதுக்கு எட்டு ஆளையும் லாரியில ஏத்திக்கிட்டு வரச் சொல்லு."

கூலிச் சண்டைக்கு நடுவில் வெளியூர் ஆளை இறக்கினால் அது வெட்டுக்குத்தில்தான் முடியும் என்று அந்த வருஷங்களில் தஞ்சைச் சீமையில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். கோயில் வாசலில் புங்க மரத்தடியில் உட்கார்ந்திருந்த எட்டுப் பேரும் அதைக் கேட்டார்கள். வைரக்கண்ணுவின் தம்பி எழுந்து நின்றான். வைரக்கண்ணு அவன் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான்.

"வெளியூர் ஆள் வேண்டாங்க" என்றாள் கமலாம்பாள்.

"நீ உள்ள போ கமலா."

"வெண்ணெயை மாத்தினது நான்."

பிள்ளை சரியாகக் கேட்காதவர் மாதிரி பார்த்தார். அவள் புங்க மரத்தடிக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினாள். கல்யாணமான நாளிலிருந்து நாலு ஆண்கள் நிற்கிற இடத்தில் அவள் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.

"அம்சம் சுத்தமான எருமை வெண்ணெய்தான் குடுத்தா. அது சாமிக்கு ஆகாதுன்னு நானா நெனச்சுக்கிட்டு நம்ம பசு வெண்ணெயை வெச்சுட்டேன். அவ மேல ஒரு குத்தமும் இல்ல. குத்தம் பூரா என்னுது."

கணக்கப்பிள்ளை தரையைப் பார்த்தார். ஒரு அணில் மண்டபத்தூணில் ஏறி இறங்கியது. முதலில் பேசியவர் ரெத்தினம் ஸ்தபதி.

"என் பங்கும் இருக்கு. சட்டி வந்தன்னைக்கு நான் சாரத்து மேல சுண்ணாம்பு பார்த்துக்கிட்டிருந்தேன். மூடியைத் திறந்து பார்க்காம கல்லுல போடச் சொல்லிட்டேன்." அவர் கமலாம்பாளிடம் திரும்பினார். "அம்மா, எருமை வெண்ணெயில தண்ணி கம்மி, பிடிப்பு ஜாஸ்தி. அதனாலதான் பெரியவங்க அதைச் சொல்லி வெச்சாங்க. எந்த மாடு எந்தத் தேவனைச் சுமக்குதுன்னு பார்த்துச் சொல்லல."

"திருத்த முடியுமா?" என்றார் பிள்ளை. அவர் மனைவியைப் பார்க்கவில்லை.

"இறுக விடாம சூடு காட்டி இடிச்சுக்கிட்டே இருக்கணும். நாளன்னைக்குக் காலையில நல்ல வெண்ணெய் சேர்ந்தா அதுக்கப்புறம் ரெண்டு நாள். முகூர்த்தத்துக்குச் சரியா இருக்கும். ஆனா ஒண்ணு. இந்தத் தடவை நடுவுல எந்தக் கையும் வேண்டாம். கடைஞ்சவங்களே கொண்டாந்து, என் கண்ணு முன்னால, இந்தக் கல்லுல வைக்கணும்."

வேலைக்கு வந்த ஆண்களைத் தவிர, காலனியிலிருந்து ஒரு பெண்ணும் அந்த மண்டபத்துப் படியேறியதில்லை. அது எல்லாருக்கும் தெரியும். ஸ்தபதிக்கும் தெரிந்திருக்கலாம்.

பிள்ளை தூணைப் பார்த்துக்கொண்டே, "அம்சத்தைச் சொன்ன சொல்லை எடுத்துக்கிறேன்" என்றார்.

"இங்க கேக்கலீங்க" என்றது மரத்தடி.

பிள்ளையின் கழுத்து நரம்பு புடைத்தது. கமலாம்பாள் கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் அவர் மண்டபத்தின் விளிம்புக்கு வந்து, வைரக்கண்ணுவை நேராகப் பார்த்து மறுபடி சொன்னார்.

"நான் சொன்னது தப்பு. எடுத்துக்கிறேன்."

வைரக்கண்ணு எழுந்து தலைத்துண்டைக் கட்டிக்கொண்டான். "அவங்க சொல்லை எடுத்துக்கிட்டாங்க. நாம சம்மட்டியை எடுப்போம். மருந்து இறுகிடப் போவுது." படியில் கால் வைத்தவன் நின்றான். "வெண்ணெயோட அவ வரலாம்ல ஐயா?"

"அதை நாளைக்குப் பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டார். கமலாம்பாள் நின்ற பக்கம் அவர் திரும்பவேயில்லை. முப்பது வருஷத்தில் அவளைக் கூப்பிடாமல் அவர் தனியாக வீட்டுக்கு நடந்தது அன்றுதான் முதல் தடவை.

சேதி காலனிக்குப் பறந்தது. பொழுது சாய்வதற்குள் அம்சமும் அவள் பக்கத்து வீட்டுப் பெண்களும், நடக்க முடிந்த கிழவர்களும், குழந்தைகளும் கோயில் வாசலுக்கு வந்துவிட்டார்கள். போன பேர் திரும்பி வந்ததைத் தங்கள் காதால் கேட்க வேண்டும் என்று வந்தார்கள். ஞானாம்பாள் படியில் உட்கார்ந்து, நடந்ததை முதலிலிருந்து அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். தாயை எந்த இடத்திலும் அவள் காப்பாற்றிச் சொல்லவில்லை. அம்சம் மட்டும் நடுநடுவே, "விடுங்க சின்னாச்சி, போதும்" என்றாள்.

அந்த நேரத்தில் கமலாம்பாள் வீட்டுக் கொல்லையில் இருந்தாள்.

உச்சி வேளையில் குட்டைக் கரையிலிருந்து திரும்பியதுமே பருத்திக்கொட்டையை ஊறப் போட்டிருந்தாள். இப்போது அதை ஆட்டுக்கல்லில் அரைத்து, தவிட்டோடு கலந்து வாளியில் எடுத்துக்கொண்டாள். போன வருஷத்துப் போரிலிருந்து வைக்கோலைப் பிடுங்கிக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டாள். வேலைக்காரியைக் கூப்பிடவில்லை. வழியில் யாராவது எதிரே வந்தால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வரப்பில் இறங்கினாள். யாரும் வரவில்லை.

காலனியில் ஒரு குரலும் இல்லை. அம்சத்தின் குடிசைக்குப் பின்னால், தென்னை மரத்தடியில் எருமை கட்டியிருந்தது. வாய் உடைந்த மண்தொட்டி காய்ந்து கிடந்தது. கமலாம்பாள் வாளியை அதில் கவிழ்த்தாள். எருமை மோந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. புது ஆள்.

"தின்னு தாயி" என்றாள்.

அது தின்னவில்லை. அவள் குனிந்து ஒரு கை அள்ளி அதன் வாய்க்கு நேரே நீட்டினாள். எருமை சூடான மூச்சு விட்டது. பிறகு நாக்கை நீட்டி அவள் உள்ளங்கையை வழித்தது. உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருந்தது அந்த நாக்கு. இரண்டாம் கை, மூன்றாம் கை. அதற்குப் பிறகு அதுவே தொட்டிக்குள் முகத்தை விட்டுக்கொண்டது.

அவள் வைக்கோலை உதறிப் போட்டாள். கீழே சிந்திய தவிட்டைக் கூட்டி அள்ளித் தொட்டியில் போட்டாள். எருமை தின்று முடிக்கும்வரை அதன் நெற்றியைத் தடவிக்கொடுத்தபடி நின்றாள். தொட்டியின் அடியில் ஒட்டியிருந்ததையும் அது நக்கித் தீர்த்தது. பிறகு அவள் வாளியை வாய்க்காலில் அலம்பிக்கொண்டு, வந்த வரப்பிலேயே திரும்பி நடந்தாள்.